சீட்டு நடத்துபவரின் கமிஷன் வரம்பு: வடசென்னைக் கணக்கு

சீட்டு நடத்துபவர் தன் உழைப்புக்கும் பொறுப்புக்கும் எடுத்துக்கொள்ளும் கமிஷனுக்கு இந்தியாவில் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. சட்டம் இவரை ஃபோர்மேன் என்று அழைக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சிட்பண்டுச் சட்டம் இந்த வரம்பைச் சீட்டுத் தொகையில் 5 விழுக்காடு என்று வைத்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை 7 விழுக்காடாக உயர்த்தியது. இரண்டு விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறியது. ஆனால் சீட்டுக் கட்டுபவர் கையில் கடைசியாக மிஞ்சும் லாபத்தோடு வைத்துப் பார்த்தால், சில சீட்டுகளில் அந்த லாபம் முழுவதையுமே விழுங்கக்கூடியது. இந்த வரம்பு எதன்மேல் கணக்கிடப்படுகிறது, யாருக்குப் பொருந்துகிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது என்பவை சீட்டை நம்பி வாழும் வட்டாரங்களுக்கு முக்கியமான கேள்விகள். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னை அத்தகைய ஒரு வட்டாரம்.

வட்டாரமும் சீட்டும்

ராயபுரத்தில் 1856-இல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகமும் ரயிலும் சேர்ந்து கடலோரத்தைச் சரக்கு ஏற்றி இறக்கும் இடமாக்கின. பின்னர் வடக்கே தொழிற்சாலைகள் வந்தன. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் வேலையாகத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அனல்மின் நிலையம், உர ஆலைகள் என்று அந்தச் சாலை நீண்டது. இதற்கிடையே கடலோரம் முழுவதும் மீனவர் குப்பங்கள் உள்ளன. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் மூன்று வகையான வருமானம் ஒரே தெருவில் வாழ்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை இருக்கும் மாதத்தில் மட்டும் கூலி. மீனவருக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அன்றாடம் கிடைப்பது. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. தடை முடிவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் அதே ஜூன் மாதத்தில்தான். கட்டணம், சீருடை, படகு எஞ்சின் பழுது, வலை, வீட்டு அட்வான்ஸ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது கதவைத் தட்டக்கூடிய இடங்கள் அடகுக்கடையும் வட்டிக்குக் கொடுப்பவரும்தான். மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே வந்தது. இந்த இரண்டு இடத்துக்கும் போகாமல் ஒரு பெருந்தொகையைக் கையில் பெறும் வழி சீட்டு. ஆகவே இங்கே சீட்டு என்பது சேமிப்பு மட்டும் அல்ல, கடனும்கூட. ஒரே சீட்டில் ஒருவர் சேமிக்கிறார், இன்னொருவர் கடன் வாங்குகிறார். கமிஷனைப் பற்றிய எந்த விவாதமும் இந்த இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சட்டம் அவ்வாறு பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டம்

சீட்டுக்கான பழைய சட்டங்களில் ஒன்று திருவிதாங்கூரில் 1918-இல் வந்தது. சென்னை மாநிலம் 1961-இல் தனிச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு ஒரு விதி இருந்த நிலையை மாற்ற 1982-இல் மைய அரசு பொதுச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அது 1984 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டம் செல்லாது என்று சீட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் நல்ல பகுதிகளை முதலில் சொல்லிவிட வேண்டும். முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டுத் தொடங்கக் கூடாது. தொடங்கும் முன் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தபின், எல்லா உறுப்பினரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. இதனால் கமிஷனை நடுவில் ஏற்றும் வழி அடைபட்டது. அந்த விதியின் அருமை, அது இல்லாத இடங்களைப் பார்க்கும்போதுதான் தெரியும். அத்தகைய ஓர் இடம் கீழே வருகிறது.

கமிஷனை 7-ஆக உயர்த்திய 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு அரசு சொன்ன காரணம், சட்டம் வந்த நாளிலிருந்து விகிதம் மாறவே இல்லை, செலவுகளோ பல மடங்கு ஏறிவிட்டன என்பது. இந்தக் காரணத்தில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. ரூபாயில் வைத்த வரம்பு விலைவாசியால் தேயும். விழுக்காட்டில் வைத்த வரம்பு தேயாது. மாதம் 500 ரூபாய் கட்டும் 20 பேர் சீட்டில் 5 விழுக்காடு என்பது மாதம் 500 ரூபாய். மாதம் 5,000 கட்டும் 20 பேர் சீட்டில் அதே 5 விழுக்காடு 5,000 ரூபாய். வசூலிக்க வேண்டிய ஆள் 20, நடத்த வேண்டிய ஏலம் 20, எழுத வேண்டிய நோட்டு ஒன்று. சீட்டுத் தொகை விலைவாசியோடு தானாகவே ஏறியிருக்கிறது, கமிஷனும் அதனோடு ஏறியிருக்கிறது. அதற்குமேல் விகிதத்தையும் ஏற்றியதற்கு வேறு காரணம் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

கடைசிச் சீட்டின் கணக்கு

ஏலச்சீட்டில் ஒருவர் தள்ளிக் கேட்கும் தொகையில் முதலில் கமிஷன் போகும். மிச்சம் எல்லா உறுப்பினருக்கும் டிவிடெண்டாகப் பிரியும். எனவே கமிஷன் சீட்டுத் தொகையின்மேல் கணக்கிடப்பட்டாலும், அது எடுக்கப்படுவது தள்ளிய தொகையிலிருந்து. இந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாமே இருக்கிறது.

20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், சீட்டுத் தொகை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். சராசரியாக மாதம் 15,000 ரூபாய் தள்ளிப் போகிறது. கமிஷன் 5 விழுக்காடு என்றால் 5,000 போக 10,000 மிஞ்சும், தலைக்கு 500 ரூபாய். கமிஷன் 7 விழுக்காடு என்றால் 8,000 மிஞ்சும், தலைக்கு 400 ரூபாய். கமிஷன் ஏறியது இரண்டு விழுக்காடு, டிவிடெண்டு குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு.

இனி, எந்த அவசரமும் இல்லாமல் கடைசி மாதம்வரை காத்திருந்து எடுப்பவரைப் பார்க்கலாம். பெண்ணின் திருமணத்துக்கென்று கட்டிக்கொண்டே வருபவர் பெரும்பாலும் இவர்தான். 19 ஏலங்களில் டிவிடெண்டு பெற்று, கடைசி மாதம் கமிஷன் மட்டும் கழித்துச் சீட்டை வாங்குகிறார். 5 விழுக்காட்டுச் சீட்டில் அவர் கட்டியது 90,500, பெற்றது 95,000. லாபம் 4,500 ரூபாய். 7 விழுக்காட்டுச் சீட்டில் கட்டியது 92,400, பெற்றது 93,000. லாபம் 600 ரூபாய். 20 மாதம் தவறாமல் கட்டியதற்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

இதற்குமேல் வரி உண்டு. ஃபோர்மேன் கமிஷன்மீதான ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 12-இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. 7,000 ரூபாய் கமிஷனுக்கு 1,260 ரூபாய். அதைச் சீட்டு எடுப்பவர் தலையில் வைத்தால், கடைசியில் எடுப்பவர் 660 ரூபாய் நட்டத்தில் சேமித்திருக்கிறார் என்று ஆகும்.

சராசரித் தள்ளு 15,000-க்குப் பதில் 25,000 என்றால் கணக்கு மாறும். அதே 7 விழுக்காட்டில் கடைசியாக எடுப்பவருக்கு 10,100 ரூபாய் லாபம். ஆனால் அந்த லாபம் வானத்திலிருந்து வருவதில்லை. ஜூன் மாதம் கட்டணம் கட்ட வேண்டியவர், படகு எஞ்சின் நின்றுபோனவர், ஒரு லட்சத்தை 75,000-க்கு எடுத்ததால் வந்தது அது. அதாவது கமிஷன் ஏற ஏற, சேமிப்பவர் லாபம் காண வேண்டுமானால் தேவைப்படுபவர் இன்னும் ஆழமாகத் தள்ளிக் கேட்க வேண்டியிருக்கிறது. நடத்துபவருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான விஷயமாகச் சட்டம் பார்க்கும் ஒன்று, உண்மையில் உறுப்பினருக்குள் ஒருவரை ஒருவர்மேல் சாய்க்கிறது. 2019 திருத்தத்தின் பெரிய குறை இதுவே.

கால அளவையும் சட்டம் பார்ப்பதில்லை. 10 மாதச் சீட்டுக்கும் 40 மாதச் சீட்டுக்கும் ஒரே 7 விழுக்காடு. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளி குறுகிய சீட்டையே விரும்புவார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அவரே அதிகக் கமிஷன் தருகிறார்.

வரம்புக்கு வெளியே இருப்பவை

கமிஷன் ஒன்றே நடத்துபவரின் வருமானம் என்று நினைத்தால் அது தவறு. முதல் மாதச் சீட்டைத் தள்ளு இல்லாமல் முழுமையாக எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே அவருக்குத் தருகிறது, அவரும் ஓர் உறுப்பினராகச் சேர்ந்திருந்தால் போதும். பேச்சுவழக்கில் இது கம்பெனிச் சீட்டு. மேலே சொன்ன சீட்டில் இதைச் சேர்த்தால் ஏலம் 18-ஆகக் குறையும். கடைசியாக எடுப்பவரின் 600 ரூபாய் லாபம் 200 ரூபாயாகும்.

தவணை தவறினால் வட்டியும் அபராதமும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அவை சட்டப்படி ஃபோர்மேனுக்குச் சேரும். தாமதமாகக் கட்டுபவருக்கு அந்த மாத டிவிடெண்டு இல்லை என்பதும் பரவலான வழக்கம். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு தவணை தவறும் விசைப்படகுத் தொழிலாளிக்குக் கமிஷன் 5-ஆ 7-ஆ என்பதைவிட இதுதான் பெரிய இழப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டி எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் கெட்டன, மீன்பிடித் தொழில் நின்றது. அத்தகைய மாதத்தில் கமிஷன் வரம்பு எந்தக் குடும்பத்துக்கும் ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தாது. ஒரு சீட்டில் கட்டுபவர் மொத்தமாக எவ்வளவு இழக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்காமல், அதில் ஒரு தலைப்புக்கு மட்டும் வரம்பு வைப்பது அரைக் காவல்.

இன்னொன்று ஜாமீன். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைக்குப் பிணை தர வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம் சம்பளச் சான்றிதழ் உள்ள ஜாமீன்தாரரைக் கேட்கும். கேட்பதில் தவறும் இல்லை, ஒருவர் கட்டாமல் போனாலும் மற்றவர்களுக்குச் சீட்டுத் தொகையைக் கொடுக்க வேண்டியவர் ஃபோர்மேன்தான். ஆனால் மீன் விற்கும் பெண்ணுக்கும் கன்டெய்னர் யார்டில் கூலி வேலை செய்பவருக்கும் அப்படி ஒரு ஜாமீன்தாரர் கிடைப்பது கடினம். விலை கட்டுப்படியாகாமல் பதிவுச் சீட்டை விடுபவரைவிட, கதவே திறக்காததால் விடுபவர் இங்கே அதிகம் இருக்கக் கூடும்.

தெருச் சீட்டு

பதிவுச் சீட்டின் கதவு திறக்காதவர்களின் வழி தெருச் சீட்டு. பெரும்பாலும் ஒரு பெண் நடத்துவார். அக்கா, அத்தை என்று அழைக்கும் உறவிலேயே ஆள் சேரும். குலுக்கல் சீட்டு என்றால் தள்ளு கிடையாது, கமிஷனும் கிடையாது. முதல் மாதச் சீட்டு நடத்துபவருக்கு. அடுத்த மாதங்களில் பெயர் எழுதிய துண்டுகளைக் குழந்தை ஒன்று எடுக்கும்.

கமிஷன் பூஜ்யம் என்பதால் நடத்துபவருக்கு ஏதும் இல்லை என்று ஆகாது. அதே ஒரு லட்ச ரூபாய், 20 மாதச் சீட்டில் முதல் மாதம் தன் தவணை போக 95,000 ரூபாய் அவர் கையில் நிற்கிறது. மாதம் 5,000 வீதம் கட்டிக் குறைகிறது. அதே தொகையை மாதம் 2 விழுக்காடு வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால் மொத்தம் 19,000 ரூபாய் வட்டி ஆகியிருக்கும். அவருடைய கூலி அதுதான். பதிவுச் சீட்டில் 5 விழுக்காடு வீதம் 20 மாதக் கமிஷன் ஒரு லட்சம், 7 விழுக்காடு வீதம் 1,40,000. பதிவுச் சீட்டு ஐந்து முதல் ஏழு மடங்கு விலை கூடியது.

அந்தக் கூடுதல் விலைக்குக் கிடைப்பது பாதுகாப்பு. நடத்துபவர் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துவிட்டால் தெருச் சீட்டுக்காரர்களுக்குப் பதிவாளரிடம் பிணை எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனாலும் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. தீபாவளிச் சீட்டில் இது இன்னும் மோசம். ஆண்டு முழுவதும் கட்டி, முடிவில் இனிப்பும் பட்டாசும் பாத்திரமும் தங்கக் காசும் வாங்கும் அந்தச் சீட்டில் ஏலமும் இல்லை, மாதாமாதம் பணம் பெறுபவரும் இல்லை. எல்லாப் பணமும் கடைசிவரை ஒருவர் கையிலேயே இருக்கும். அங்கே கமிஷன் பொருளின் விலைக்குள் ஒளிந்திருப்பதால் விழுக்காடு கணக்கிடவே வழியில்லை.

தெருச் சீட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சட்டம் செய்த முயற்சி மிகக் குறைவு. 100 ரூபாய்க்கு மேற்படாத சீட்டுக்கு மட்டுமே 1982-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்தது. 2019 வரை அந்த 100 ரூபாய் மாறவில்லை. 37 ஆண்டுகள் கமிஷன் விகிதம் மாறவில்லை என்பதைக் கவனித்த கண்கள் இதையும் கவனித்துத்தான், விலக்குத் தொகையை மாநிலங்களே குறிக்கலாம் என்று திருத்தின. தனிநபர் நடத்தக்கூடிய சீட்டுகளின் மொத்தத் தொகையும் ஒரு லட்சத்திலிருந்து 3 லட்சமானது. ஆனால் 20,000 ரூபாய்ச் சீட்டு நடத்தும் பெண் பதிவு செய்ய வேண்டுமானால் முன் அனுமதி, பிணை, ஒப்பந்தப் பதிவு, ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் பெரிய நிறுவனத்துக்குள்ளது போலவே. 7 விழுக்காட்டில் அவருக்கு மாதம் கிடைப்பது 1,400 ரூபாய். 10 லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு அதே வேலைக்கு 70,000 ரூபாய். ஒரே விகிதம் பெரிய சீட்டுக்குத் தாராளமாகவும் சிறிய சீட்டுக்குப் பற்றாக்குறையாகவும் இருக்கிறது. வரம்பை எல்லோருக்கும் உயர்த்தியது சிறியவரை உள்ளே கொண்டுவரவில்லை, ஏற்கனவே உள்ளே இருப்பவரின் வருமானத்தை உயர்த்தியது.

பிளாக்செயினில் இதே கேள்வி

அண்மை ஆண்டுகளில் இதே சிக்கல் முற்றிலும் வேறொரு இடத்தில் எழுந்தது. சில பிளாக்செயின் வலைப்பின்னல்களில் நாணயம் வைத்திருப்பவர்கள் அதை ஒரு சரிபார்ப்பாளரிடம் ஒப்படைக்கிறார்கள். இதை ஸ்டேக்கிங் என்பர். சரிபார்ப்பாளர் கணினிகளை ஓயாமல் இயக்கிப் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கிறார். வலைப்பின்னல் தரும் வெகுமதியில் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிரித்துத் தருகிறார். பலர் பணம், ஒருவர் பொறுப்பு, நடுவில் ஒரு விழுக்காடு. சீட்டுக் கட்டியவருக்கு இது புரியாத அமைப்பு அல்ல.

காஸ்மாஸ் ஹப் 2019-இல் தொடங்கியபோது ஒரு விதி வைத்தது. சரிபார்ப்பாளர் சேரும்போதே தன் கமிஷன், அதன் உச்சவரம்பு, ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு மாற்றலாம் என்ற அளவு ஆகிய மூன்றையும் அறிவிக்க வேண்டும். உச்சவரம்பைப் பின்னால் மாற்ற முடியாது. வரம்பு எவ்வளவு என்று வலைப்பின்னல் சொல்லவில்லை, சொன்ன சொல்லை மீறாதே என்றது. இது சீட்டு ஒப்பந்தத்தை நடுவில் திருத்த முடியாது என்ற விதியின் உறவு. சொலானாவில் அப்படி இல்லை. வெகுமதி கணக்கிடப்படும் காலப்பகுதி முடியும் நேரத்தில் கமிஷனை 100 விழுக்காடாக ஏற்றி, கணக்கு முடிந்ததும் பழைய நிலைக்கே இறக்கிய சரிபார்ப்பாளர்கள் இருந்தார்கள். காலப்பகுதியின் முதல் பாதியில் மட்டுமே கமிஷனை மாற்றலாம் என்ற கட்டுப்பாடு பிறகுதான் வந்தது.

பூஜ்யக் கமிஷன் என்ற விளம்பரமும் அங்கே உண்டு. பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துவதில் தனியே வருமானம் பார்க்கக்கூடியவர் கமிஷனைப் பூஜ்யமாக வைத்து ஆள் சேர்ப்பார். குலுக்கல் சீட்டின் முதல் மாதத்தைப் போன்றதே இது. காஸ்மாஸ் ஹப் குறைந்தபட்சக் கமிஷன் 5 விழுக்காடு என்று கீழ்வரம்பை வைத்தது. கார்டானோவில் ஒவ்வொரு தொகுப்பும் குறைந்தபட்சம் 340 அடா என்ற நிலையான தொகையை எடுத்தாக வேண்டும் என்றிருந்தது. வெகுமதி எவ்வளவு என்று பாராத தொகை என்பதால் சிறிய தொகுப்புகளில் சேர்ந்தவர்களுக்கே அது பாரமானது. 2023 அக்டோபரில் அதை 170 அடாவாகக் குறைத்தார்கள்.

விகிதம் எதன்மேல் என்பதில்தான் சீட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு. காஸ்மாஸில் 5 விழுக்காடு என்பது லாபத்தில் 5 விழுக்காடு. 15,000 ரூபாய் வெகுமதி வந்தால் 750 ரூபாய். சீட்டில் 15,000 ரூபாய் தள்ளுக்கு 5,000 ரூபாய், அதாவது பிரிக்கக்கூடிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு. 7 விழுக்காடு என்றால் ஏறக்குறைய பாதி. ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் வைத்து, இந்தியச் சீட்டுக் கமிஷன் மிதமானது என்று சொல்ல முடியாது.

அதே சமயம் வேலையும் ஒன்றல்ல. சரிபார்ப்பாளர் தவறு செய்தால் காஸ்மாஸில் அவரை நம்பி ஒப்படைத்தவரின் நாணயமும் சேர்ந்து வெட்டுப்படும். ஒரே நேரத்தில் இரண்டு முரண்பட்ட ஒப்பமிட்டால் 5 விழுக்காடு போகும். சீட்டில் ஓர் உறுப்பினர் ஏமாற்றினால் ஈடுகட்ட வேண்டியவர் ஃபோர்மேன். அங்கே கமிஷன் உழைப்புக்கு, இங்கே உழைப்புக்கும் உத்தரவாதத்துக்கும். கூடுதல் கமிஷனுக்கு உள்ள நியாயமான ஒரே வாதம் இதுதான், ஆனால் 2019-இல் முதன்மையாகச் சொல்லப்பட்டது செலவு ஏற்றம்.

வரம்பை வேறுவிதமாக வைத்தால்

அப்படியானால் ஸ்டேக்கிங்கைப் போலச் சீட்டிலும் கமிஷனைத் தள்ளிய தொகையின்மேல் வைத்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஆபத்து இருக்கிறது. ஸ்டேக்கிங் வெகுமதியை வலைப்பின்னல் தருகிறது. சீட்டில் தள்ளு என்பது சக உறுப்பினர் ஒருவரின் இழப்பு. அதன்மேல் விகிதம் வைத்தால், ஏலம் ஆழமாகப் போகப்போக நடத்துபவருக்கு ஆதாயம். அவசரக்காரர் இருவரை ஒரே மாதத்தில் மோதவிட அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். சீட்டுத் தொகையின்மேல் கணக்கிடும் இப்போதைய முறையில் ஏலம் எப்படிப் போனாலும் அவருக்கு ஒன்றுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே சட்டத்தின் அடிப்படை சரியானது.

இரண்டையும் சேர்த்து வைக்க முடியும். சீட்டுத் தொகையில் 5 விழுக்காடு, அல்லது அந்த மாதம் தள்ளிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது. ஏலம் 30,000 வரை போனாலும் நடத்துபவருக்கு 5,000-க்கு மேல் இல்லை, எனவே மோதவிட ஆசை வராது. ஏலம் 9,000-இல் நின்றால் அவருக்கு 3,000, உறுப்பினர்களுக்கு 6,000. இப்போதைய 7 விழுக்காட்டு முறையில் அதே மாதம் அவருக்கு 7,000, மிச்சம் 2,000-ஐ 20 பேர் பிரித்தால் தலைக்கு 100 ரூபாய். சீட்டின் கடைசி மாதங்களில் ஏலமே கமிஷன் தொகையிலிருந்துதான் தொடங்குகிறது, போட்டி இல்லாவிட்டால் டிவிடெண்டு ஒன்றுமே இல்லை.

இப்படிச் செய்தால் நிறுவனங்களின் வருமானம் குறையும், கடைசி மாதங்களில் குறிப்பாக. வசூலுக்கு ஆள் அனுப்பும் செலவு அந்த மாதங்களில் குறைவதில்லை என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடை விகிதத்தில் அல்ல, சீட்டின் அளவில் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு உட்பட்ட சீட்டுக்குக் கூடுதல் விகிதமும் எளிய பதிவும், 5 லட்சத்துக்கு மேற்பட்டதற்குக் குறைந்த விகிதமும் என்று படி வைத்தால், வேலைக்கும் கூலிக்கும் பொருத்தம் வரும். தெருச் சீட்டு நடத்தும் பெண்ணுக்கு 20,000 ரூபாய்ச் சீட்டில் 10 விழுக்காடு கொடுத்தாலும் மாதம் 2,000 ரூபாய்தான். குலுக்கலில் அவர் இப்போது பெறும் முதல் மாதச் சீட்டை விட்டுவிட்டு, ஓர் எளிய பிணையை வைத்துப் பதிவுக்கு வர அது போதுமானதாக இருக்கலாம்.

கம்பெனிச் சீட்டு, அபராதம், டிவிடெண்டு இழப்பு, ஜிஎஸ்டி ஆகியவற்றையும் சேர்த்து, கடைசி மாதம் எடுப்பவர் எவ்வளவு கட்டி எவ்வளவு பெறுவார் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிட வேண்டும் என்று விதித்தால் செலவு ஏதும் இல்லை. சராசரித் தள்ளு 10, 15, 25 விழுக்காடு என்று மூன்று நிலைக்கும் கணக்குக் காட்டலாம். மேலே உள்ள சீட்டில் 7 விழுக்காட்டுக் கமிஷனும் 10 விழுக்காட்டுத் தள்ளும் இருந்தால், அந்த வரியில் கட்டுவது 97,150, பெறுவது 93,000 என்று இருக்கும்.